சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பை: அவிப்பதா, சுடுவதா?

கேள்வி | 4 நவம்பர் 2023

மாவு ஓட்டில் கலவையை ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பான பை (pie) இருக்கிறதே, அதில் பூசணிக்காய்ப் பைக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பைக்கும் என்ன வேறுபாடு? அதே முட்டை, அதே பால், அதே பட்டையும் ஜாதிக்காயும்தான். டின்னில் வரும் பூசணி விழுதுக்குப் பதிலாக அவித்து மசித்த கிழங்கைப் போட்டால் வேலை முடிந்தது என்று எண்ணி, சென்ற ஆண்டு அப்படியே செய்தேன். கனமாகவும் சப்பென்றும் வந்தது. நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் விருந்தில் மூன்று துண்டுகள்தான் போயின. எங்கே பிசகியது?

5 நவம்பர் 2023, காலை

இரண்டும் ஒன்று என்று தொடங்கியதிலேயே பிசகிவிட்டது. பூசணிக்காயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதைக் கட்டியாக்குவது முழுக்க முட்டையின் பொறுப்பு. கிழங்கிலோ மாவுச்சத்து நிறைய இருப்பதால் முட்டைக்கு முன்பே அது பாதி இறுகிவிடுகிறது. பூசணிக்குரிய அளவில் முட்டையைப் போட்டால், கத்தியால் வெட்டும்போது அல்வாவைப் போல எதிர்த்து நிற்கும்.

சப்பென்று இருந்ததற்குக் காரணம் அவித்ததுதான். கிழங்கில் மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று உண்டு. ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 75 பாகை செல்சியஸ் வரை அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடேறினால் செத்துவிடும். கொதிநீரில் துண்டு போட்ட கிழங்கு அந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறது. தோலோடு முழுக்கிழங்கை ஓவனில் 180 பாகையில் ஒன்றேகால் மணி நேரம் சுட்டால், உள்ளே சூடு மெதுவாக ஏறி, நொதிக்கு அவகாசம் கிடைக்கிறது. தோல் வெடித்த இடத்தில் பாகு கசிந்து தட்டில் கருகி ஒட்டியிருந்தால் கிழங்கு பதமாகிவிட்டது என்று பொருள். சுட்ட கிழங்கில் செய்தால்தான் பை, அவித்ததில் செய்வது கூழ். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

5 நவம்பர் 2023, இரவு

நான் வட கரோலைனாவில், ராலிக்கு அருகில் இருக்கிறேன். அமெரிக்காவில் இந்தக் கிழங்கு மிக அதிகமாக விளையும் மாநிலம் இதுதான்; 1995 முதல் மாநிலத்தின் அதிகாரபூர்வக் காய்கறியும் இதுவே. அதற்காகச் சட்டமன்றத்துக்குக் கடிதம் எழுதி முயன்றவர்கள் வில்சன் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள். ஆகவே எனக்குக் கிடைப்பதெல்லாம் இங்குள்ள பல்கலைக்கழகம் 2005இல் வெளியிட்ட கவிங்டன் வகை. அது ஆரஞ்சு நிறச் சதையும் சீரான வடிவமும் உடையது, நாரும் குறைவு. லூசியானாவின் போரிகார்டு வகை சற்று ஈரமானது. நம்மூரில் பொங்கலுக்கு வாங்கும் சிவப்புத் தோல், வெள்ளைச் சதைக் கிழங்கு இவற்றைவிட உலர்ந்தது; அதில் செய்பவர்கள் நான் சொல்லும் பால் அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடையில் 'யாம்' என்று எழுதியிருந்தாலும் குழம்ப வேண்டாம். லூசியானா விவசாயிகள் 1930களில் தங்கள் ஆரஞ்சுக் கிழங்கைத் தனித்துக் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட விற்பனைப் பெயர் அது. உண்மையான யாம் நம்முடைய பெருவள்ளியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடி.

7 நவம்பர் 2023

அளவு கேட்கிறார்கள். 23 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு: மசித்த கிழங்கு 450 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை இரண்டு, சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டின் பால் 120 மில்லி, துருவிய ஜாதிக்காய் அரைத் தேக்கரண்டி, பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கிழங்கு சூடாக இருக்கும்போதே வெண்ணெயைச் சேர்த்து அடித்துவிட வேண்டும். முட்டையை ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். 175 பாகையில் 55 நிமிடங்கள் வேகட்டும்.

டின் பால் வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குங்கள். எவாப்பரேட்டட் என்பது வேறு, பாயசத்துக்கு ஊற்றும் இனிப்பான கண்டென்ஸ்டு என்பது வேறு. இரண்டாவதை ஊற்றிவிட்டு 200 கிராம் சர்க்கரையையும் போட்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது அவருடைய ஓவனைத்தான் கதவைத் திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

கையால் மசிப்பதைவிட மின்சார அடிப்பானால் அடிப்பது நல்லது. மென்மை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கிழங்கின் நார் முழுவதும் அடிப்பானின் கம்பிகளில் சுற்றிக்கொள்கிறது என்பது. நிறுத்தி, கம்பியைக் கழற்றி, நாரைக் கழுவிவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். கரண்டியால் கலக்கினால் அந்த நார் அப்படியே பல்லிடுக்கில் வந்து சேரும்.

8 நவம்பர் 2023

அடியில் இருக்கும் மாவு ஓட்டைப் பற்றிச் சொல்ல மறந்தேன். மைதா 160 கிராம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் 115 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் மூன்று நான்கு மேசைக்கரண்டி. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இங்கே எதிரி. வெண்ணெய் பட்டாணி அளவில் துண்டு துண்டாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அந்தத் துண்டுகள் ஓவனில் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாக வெளியேறும் இடங்களில்தான் ஓடு அடுக்கடுக்காகப் பிரியும். தட்டில் விரித்து, ஒரு மணி நேரம் குளிர வைத்து, மேலே தாளை விரித்து, பாரத்துக்குக் கொண்டைக்கடலையை நிரப்பி, 200 பாகையில் 15 நிமிடம் சுட வேண்டும். பிறகு கடலையையும் தாளையும் எடுத்துவிட்டு இன்னும் 7 நிமிடம் சுட்டால், பின்னால் ஊற்றும் கலவையால் அடி நமுத்துப் போகாது.

9 நவம்பர் 2023

அந்தக் கொண்டைக்கடலையைத் தனிப் புட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் அதை இரவு முழுவதும் ஊறவைத்து இன்று சுண்டல் செய்தார். எட்டு விசில், பிறகு இன்னும் ஆறு. கடலை கடைசி வரை வேகவில்லை. அமெரிக்கக் கடலையின் தரத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

12 நவம்பர் 2023

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய கறுப்பினத்து மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் குடும்பம் நான்கைந்து தலைமுறையாக இந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்துக்குச் செய்த பையில் ஒரு துண்டை எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். நான் செய்ததைவிட அது மிருதுவாக இருந்தது, இனிப்பிலும் குறையில்லை, கிழங்கின் சுவை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எத்தனை மணி நேரம் சுட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சுடவே இல்லையாம். தோலோடு முழுசாக அவிப்பதுதான் தம் தாயாரின் வழக்கம் என்றும், அந்த அடுப்பில் சுட்டால் விறகு யார் கொடுப்பது என்றும் சொன்னார். பட்டைத் தூள் அறவே கிடையாது. கொஞ்சம் ஜாதிக்காய், எலுமிச்சை எசென்ஸ் சில துளிகள், அவ்வளவுதான்.

5ஆம் தேதி நான் எழுதிய 'கூழ்' என்ற சொல்லை யாராவது நீக்க முடியுமானால் நீக்கிவிடுங்கள்.

14 நவம்பர் 2023

அச்சில் வந்த பழைய செய்முறைகளைத் தேடிப் பார்த்தேன். அடிமையாகப் பிறந்து, எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலும் தம் செய்முறைகளைப் பிறருக்குச் சொல்லி எழுதவைத்து 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் சமையல் புத்தகம் வெளியிட்ட ஏபி ஃபிஷர் அம்மையாரும் கிழங்கை அவிக்கத்தான் சொல்கிறார். சூடாக இருக்கும்போதே சல்லடையில் தேய்த்து, ஐந்து முட்டைகளின் மஞ்சளையும் வெள்ளையையும் தனித்தனியே அடித்துச் சேர்த்து, ஓர் ஆரஞ்சின் சாற்றையும் பாதித் தோலின் துருவலையும் கலக்கச் சொல்கிறார். இரண்டு பவுண்டு கிழங்கில் இரண்டு பை வரும். ஓடு அடியில் மட்டும்தான். பட்டை, ஜாதிக்காய், கிராம்பு ஒன்றுமே இல்லை! அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் கிழங்குக்காகவே சிறு பிரசுரம் எழுதிய கறுப்பின வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் தோலோடு அவிக்கும் கட்சிதான். அவர் பட்டையும் சுக்கும் சேர்க்கிறார்.

இது விருந்து மேசைக்கு வந்த வரலாறும் இதனோடு சேர்ந்தது. வடக்கே பூசணி, தெற்கே கிழங்கு. அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் தங்கள் குடிசைக்குப் பின்னால் தமக்கென்று பயிரிட முடிந்தவற்றுள் இந்தக் கிழங்கும் ஒன்று. அதைச் சாம்பலில் புதைத்துத் தின்றார்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பை, அவர்கள் சமைத்துப் பரிமாறிய எசமானரின் பெரிய வீட்டு மேசைக்குரியதாக இருந்தது. விடுதலைக்குப் பிறகுதான் அது அவர்களுடைய சொந்த விருந்தின் பண்டமாக வேரூன்றியது. இன்றும் இங்குள்ள கறுப்பினக் குடும்பங்களில் தேங்க்ஸ்கிவிங் அன்று பூசணிப் பையை நீட்டினால், கிழங்குப் பை எங்கே என்ற கேள்வி மரியாதையாகவே வரும்.

18 நவம்பர் 2023

ஒரே கூடையிலிருந்து எடுத்த கிழங்கில் ஒரு கிலோவைச் சுட்டேன், ஒரு கிலோவைத் தோலோடு முழுதாக அவித்தேன். தோல் நீக்கி நிறுத்துப் பார்த்தால், சுட்டது 720 கிராம், அவித்தது 890 கிராம். தனியாகச் சுவைத்தால் சுட்டதுதான் இனிப்பு. அதில் நான் சொன்னது சரி. ஆனால் இரண்டிலும் 450 கிராம் எடுத்து, அதே 120 மில்லி பாலை ஊற்றிப் பை செய்தபோது, சுட்ட கிழங்கின் பை இறுகிப்போய் வெட்டிய முகம் பொடிந்தது. அவித்ததன் பை வழவழப்பாக நின்றது.

எல்லாம் ஈரத்தின் கணக்கு. சுட்ட கிழங்கு தண்ணீரை இழந்து சர்க்கரையையும் மாவையும் செறிவாக்கிக்கொள்கிறது. அதற்குப் பால் 180 மில்லி வேண்டும், சர்க்கரை 150 கிராம் போதும். தோலோடு அவித்ததற்கு 120 மில்லி சரி. தோல் சீவித் துண்டு போட்டு அவித்தது தண்ணீரைக் குடித்திருக்கும். அதை வாணலியில் சிறு தீயில் கிளறி, கரண்டியில் ஏறினால் கீழே விழாத பதத்துக்கு வற்றவிட்டு, பிறகு 60 மில்லி பாலில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 7ஆம் தேதி ஒரே அளவை எல்லாருக்கும் எழுதியது என் தவறு.

முதலில் கேள்வி கேட்டவர் துண்டு போட்டு அவித்தேன் என்று இப்போது எழுதியிருக்கிறார். அப்படியானால் சப்பென்று இருந்ததற்கு அதுவே காரணம். கனமாக இருந்ததற்குப் பூசணிக்குரிய அளவில் போட்ட மூன்றாவது முட்டை.

24 நவம்பர் 2023

விருந்து முடிந்தது. மூன்று பைகளில் இரண்டு வெடித்தன. ஓவனின் மூலையில் சூடு அதிகம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில் பேச்சுச் சுவாரசியத்தில் பத்து நிமிடம் கூடுதலாக விட்டுவிட்டேன். விளிம்பு உப்பி இறுகி, நடுவில் உள்ளங்கை அகலம் மட்டும் தட்டை அசைத்தால் மெல்ல ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். வெப்பமானியைச் செருகினால் 80 பாகை காட்டும். மிச்சம் வெளியே இருக்கும் சூட்டிலேயே இறுகும். வெடிப்பை மறைக்கச் சிலர் மேலே முட்டை வெள்ளை நுரையையோ மார்ஷ்மெல்லோவையோ பரப்புகிறார்கள். மார்ஷ்மெல்லோ உண்மையில், கிழங்கை மசித்து ஓடில்லாமல் தட்டில் சுடும் கேசரோலுக்கு உரியது; அந்தப் பழக்கத்தை 1917இல் மார்ஷ்மெல்லோ நிறுவனம் ஒன்று சமையல் கையேடு அச்சிட்டுப் பரப்பியது. என்னைக் கேட்டால் வெடிப்போடு பரிமாறுவதே மேல். வால்நட்டைப் போன்ற பீக்கன் பருப்பைப் பரப்புவதை ஏற்றுக்கொள்வேன். மொறுமொறுப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

மீந்தது மறுநாள் காலை இன்னும் சுவையாக இருந்தது. முந்தைய நாளே செய்துவிடுங்கள்.

2 டிசம்பர் 2023

முட்டை சேர்க்காமல் செய்ய முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். மாமியாருக்காக மூன்று முறை செய்துவிட்டதால் சொல்ல முடிகிறது. முட்டைக்கும் பாலுக்கும் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பால் 180 மில்லி, அதில் கரைத்த சோளமாவு இரண்டரை மேசைக்கரண்டி. மாவுச்சத்து இறுக வேண்டுமானால் விளிம்பில் குமிழி வர வேண்டும், ஆகவே இதை முன்னதாக எடுக்கக் கூடாது. இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்த பிறகே வெட்ட வேண்டும். நன்றாக இருக்கிறது. ஆனால் ஏலக்காய் போடாதீர்கள். முதல் முறை போட்டேன்; தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்ந்து பாயசத்தின் வாசனை வந்துவிட்டது. மாமியாருக்கு அதுதான் பிடித்தது என்பதையும் நேர்மைக்காகப் பதிந்துவைக்கிறேன்.

9 டிசம்பர் 2023

கிழங்கே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம் இயக்கமான நேஷன் ஆஃப் இஸ்லாமின் அன்றைய தலைவர் எலைஜா முகம்மது தம் இயக்கத்தார் சர்க்கரைவள்ளிக்கிழங்கை உண்ணக் கூடாது என்றார். அந்தச் சமூகத்தில் அதன் இடத்தை நேவி பீன்ஸ் என்ற சிறு வெள்ளைப் பயறில் செய்யும் பை பிடித்தது. அவித்து அரைத்த பீன்ஸ், முட்டை, பால், பட்டை, ஜாதிக்காய். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் கிழங்குப் பையின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லிவிடலாம்.

16 டிசம்பர் 2023

ஊதாக் கிழங்கில் செய்தேன். சிலர் பை உப்புவதற்காகச் சிட்டிகை பேக்கிங் பவுடர் சேர்ப்பார்கள். நான் அவசரத்தில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டுவிட்டேன். ஊதா நிறமி காரம் பட்டால் நீலத்துக்கும் பச்சைக்கும் போகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். பாசி படிந்த குளத்தின் நிறத்தில் ஒரு பை மேசைக்கு வந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் தொட மறுத்தார்கள். அடுத்த முறை சோடாவை விட்டு, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி சேர்த்தேன். செந்நீலமாக, கண்ணுக்கு அழகாக வந்தது. ஊதா மிகவும் உலர்ந்த கிழங்கு, பாலைத் தாராளமாக விட வேண்டும்.

20 ஜனவரி 2024

இன்னுமொரு திருத்தம், இந்த முறை பெரியது. நவம்பரில் வாங்கிய அதே கடையில், அதே வகையை வாங்கி, அதே முறையில் அவித்தேன். சர்க்கரையைக் குறைத்தும் நவம்பரைவிட இனித்தது. சந்தையில் கிழங்கு விற்பவரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். செப்டம்பரிலிருந்து தோண்டும் கிழங்கைச் சுமார் 30 பாகை வெப்பத்திலும் மிகுந்த ஈரப்பதத்திலும் சில நாள் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். தோலின் காயங்கள் ஆறி மூடிக்கொள்ளும். பிறகு 13 பாகைக்குக் கீழே இறங்காத குளிர்ந்த அறையில் சேமிப்பார்கள். அந்த வாரங்களில் மாவுச்சத்து தானாகவே சர்க்கரையாகிக்கொண்டிருக்கும். நான் நவம்பரில் வாங்கியது நிலத்திலிருந்து நேராக வந்த புதுக்கிழங்காம். மூதாட்டி வாங்கியது அப்படியல்ல. அவர் புதுக்கிழங்கைத் தொடுவதே இல்லை, செய்தித்தாளில் சுற்றிச் சமையலறை மூலையில் மூன்று வாரம் போட்டுவைத்துவிட்டுத்தான் அவிக்கிறார். நவம்பரில் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகவே நவம்பரில் சுட்டால்தான் இனிப்பு என்று நான் கண்டது, பாதி அந்தப் பச்சைக் கிழங்கின் குறையை ஓவன் ஈடுசெய்ததால். பதமான கிழங்குக்கு அந்தச் சலுகை தேவையில்லை. ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள்; குளிரில் நடுப்பகுதி கட்டியாகி, எவ்வளவு அவித்தாலும் மசியாது.

26 நவம்பர் 2024

நாளை மறுநாள் விருந்து. கிழங்கை அக்டோபர் இறுதியிலேயே வாங்கி, செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளை மாலை தோலோடு அவித்து இரண்டு பை செய்கிறேன். ஒன்று மூதாட்டியின் எலுமிச்சை, மற்றொன்று ஏபி ஃபிஷரின் ஆரஞ்சு. இரண்டிலும் பட்டை இல்லை. போன வாரம் ஆரஞ்சுப் பையை ஒத்திகை பார்த்து மூதாட்டிக்கு ஒரு துண்டு கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சற்று யோசித்து, ஓடு மட்டும் கொஞ்சம் கெட்டி என்றார். சப்பாத்திக் கை இன்னும் போகவில்லை.

கடலைப் புட்டியின் மேல் மாமியார் தம் கையெழுத்திலேயே 'சுண்டலுக்கு ஆகாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.